டாக்கில் மூன்று சாக்கெட், இரண்டாவது மானிட்டர் மட்டும் மங்கல்: யுஎஸ்பி-சி, தண்டர்போல்ட், டிஸ்ப்ளேலிங்க் விவாதம்

ரெட்டைத்திரை | 3 பிப்ரவரி 2025, காலை 9.40

லேப்டாப் 8ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, யுஎச்டி 620 கிராபிக்ஸ், விண்டோஸ் 11. ஒரு யுஎஸ்பி-சி, ஒரு எச்டிஎம்ஐ. யுஎஸ்பி-சி பக்கத்தில் மின்னல் குறி (அதே போர்ட்டில் வரும் வேகமான தண்டர்போல்ட் இணைப்பின் குறி) இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் குறி மட்டும் இருக்கு. மானிட்டர் ரெண்டும் 27 இன்ச், 2560×1440. யுஎஸ்பி-சியில் ஒரு டாக் (ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் பெட்டி) போட்டிருக்கேன். அதில் 2 டிஸ்ப்ளேபோர்ட், 1 எச்டிஎம்ஐ. அட்டைப்பெட்டியில் 4கே என்று பெரிசா அடிச்சிருக்கு.

முதல் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் சுத்தமா வருது. ரெண்டாவதைச் செருகினா 1600×900க்கு மேல ஏற மாட்டேங்குது. எழுத்தெல்லாம் மங்கல். டாக் பழுதுதானே? திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கு.

முனையம் | 3 பிப்ரவரி 2025, காலை 11.05

பழுது இல்லை. டாக் தன்னால் முடிந்ததைச் சரியாகத்தான் செய்கிறது. கணக்கைப் பாருங்கள்.

யுஎஸ்பி-சி போர்ட்டில் வேகமான தடங்கள் நான்கு. உங்கள் டாக்கில் யுஎஸ்பி 3 சாக்கெட்டும் இருப்பதால் இரண்டு தடங்கள் அதற்குப் போய்விடும். மிச்சம் இரண்டில்தான் படம் வர வேண்டும். யுஎச்டி 620 பேசுவது டிஸ்ப்ளேபோர்ட் 1.2. அதில் ஒரு தடத்துக்கு விநாடிக்கு 5.4 ஜிகாபிட், குறியாக்கத்துக்குப் போனது போக 4.32. இரண்டு தடத்துக்கு 8.64 ஜிகாபிட். டாக்கில் எத்தனை சாக்கெட் இருந்தாலும் எல்லா மானிட்டருக்கும் சேர்த்து இவ்வளவுதான்.

செலவு: 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்றால் மானிட்டருக்கு 3.3 முதல் 3.6 ஜிகாபிட். 2560×1440, 60 ஹெர்ட்ஸ் என்றால் 5.8. 4கே 60 என்றால் 12.5 முதல் 14.3 வரை. உங்கள் முதல் மானிட்டர் 5.8 எடுத்துக்கொண்டதும் மீதி 2.8தான். 1600×900க்கு 2.6 போதும், அதனால் அது உள்ளே நுழைகிறது. 1920×1080க்கு 3.3 வேண்டும், இடமில்லை.

சோதித்துப் பார்க்க: இரண்டு மானிட்டரையும் 1920×1080க்கு இறக்குங்கள். இரண்டும் 60 ஹெர்ட்ஸில் வரும், மொத்தம் 7 சொச்சம்தான். வந்தால் டாக் நல்ல டாக்.

ரெட்டைத்திரை | 3 பிப்ரவரி 2025, மதியம் 1.20

வந்துடுச்சு, ரெண்டும் 1080இல். அப்போ பெட்டியில் போட்டிருக்கிற 4கே பொய்யா?

முனையம் | 3 பிப்ரவரி 2025, மதியம் 2.00

பொய் இல்லை. அந்த எண் வேறு லேப்டாப்புக்கு. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்பில் ஒரு தடத்துக்கு 8.1 ஜிகாபிட், இரண்டு தடத்தில் 12.96 கிடைக்கும். இரண்டு 1440 மானிட்டருக்கு 11.6 போதும், உட்கார்ந்துவிடும். அதோடு படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஎஸ்சி வசதி இரண்டு பக்கமும் இருந்தால் அதே இரண்டு தடத்தில் இரண்டு 4கே 60கூட ஓடும். இன்டெலில் 11ஆம் தலைமுறை கிராபிக்ஸில் இது இருக்கிறது. பெட்டியில் போடுவது டாக்கின் உச்சம். லேப்டாப்பின் உச்சத்தை யாரும் பெட்டியில் போட மாட்டார்கள், அது நாம் பார்க்க வேண்டியது.

டாக் வாங்கும் முன் லேப்டாப் மாடலின் விவரத்தாளைத் திறந்து மூன்றைக் கண்டுபிடியுங்கள்: யுஎஸ்பி-சியில் படம் வருமா, வந்தால் டிஸ்ப்ளேபோர்ட் எந்தப் பதிப்பு, கிராபிக்ஸ் ஒரே நேரத்தில் எத்தனை திரை தாங்கும். சில லேப்டாப்பில் யுஎஸ்பி-சி வெறும் டேட்டாவுக்கும் சார்ஜுக்கும்தான். அதில் எவ்வளவு விலையுள்ள யுஎஸ்பி-சி டாக்கைச் செருகினாலும் கீபோர்டு, மவுஸ், நெட் வேலை செய்யும், திரை வராது.

பென்குயின் | 3 பிப்ரவரி 2025, மாலை 6.15

காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறதே. ஒரு மானிட்டரை டாக்கில் விடுங்கள், இன்னொன்றை லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐயில் போடுங்கள். அந்த போர்ட் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தாலும் பரவாயில்லை. படப்புள்ளிகளை அனுப்பும் வேகத்தில் அதன் எல்லை 340 மெகாஹெர்ட்ஸ், 1440க்கு 60இல் 241.5 போதும். 4கே மானிட்டர் என்றால்தான் 30 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொள்ளும்.

யுஎச்டி 620 மூன்று திரை தாங்கும். லேப்டாப் திரை ஒன்று, வெளியே இரண்டு, கணக்கு சரி. வெளியே மூன்றாவது வேண்டுமென்றால் லேப்டாப் மூடியைச் சாத்த வேண்டும். 11ஆம் தலைமுறையில் நான்கு.

ரெட்டைத்திரை | 4 பிப்ரவரி 2025, காலை 10.30

ரெண்டும் 1440, 60 ஹெர்ட்ஸ்! ஆனா எச்டிஎம்ஐயில் இருக்கிறது வெளிறிப் போய் இருக்கு. கறுப்பு சாம்பலாத் தெரியுது. பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணை உறுத்துது.

முனையம் | 4 பிப்ரவரி 2025, காலை 10.55

லேப்டாப் அந்த மானிட்டரை டிவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எச்டிஎம்ஐயில் டிவிக்கான வண்ண வரம்பு 16 முதல் 235 வரை, கணினி மானிட்டருக்கு 0 முதல் 255 வரை. இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், அந்த மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்பதை ஃபுல் ஆக்குங்கள். மானிட்டர் மெனுவிலும் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் அல்லது ஆர்ஜிபி ரேஞ்ச் என்று ஒன்று இருக்கலாம், அதுவும் ஃபுல். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் லிமிடெட் என்றால் வெளிறும், அல்லது இருண்ட இடமெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

எழுத்து ஓரத்தில் வண்ணப் பிசிறு தெரிந்தால் அது வேறு சங்கதி. கலர் ஃபார்மட், வண்ணத் தகவலைக் குறைத்து அனுப்பும் ஒய்சிபிசிஆர் 4:2:2 அல்லது 4:2:0வில் இருக்கும், ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

முனையம் | 4 பிப்ரவரி 2025, காலை 11.10

ஒன்று விட்டுப்போனது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள். அங்கே டெஸ்க்டாப் மோடு என்று ஒரு வரி, ஆக்டிவ் சிக்னல் மோடு என்று இன்னொரு வரி. முதலாவது விண்டோஸ் வரைவது, இரண்டாவது கேபிளில் உண்மையாகப் போவது. மானிட்டர் மங்கல் என்று வரும் பல புகாருக்கு விடை அந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது.

கீபோர்டுவாசி | 9 பிப்ரவரி 2025, இரவு 8.45

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் ஆபீஸ் டாக்கைப் பார்த்தேன். அது இரண்டு தடமா நான்கு தடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரத்தாளில் இல்லை.

பென்குயின் | 9 பிப்ரவரி 2025, இரவு 9.20

டாக்கில் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவைச் செருகிப் பெரிய ஃபைலைக் காப்பி செய்யுங்கள். அதே பென்டிரைவ் லேப்டாப்பில் நேராகச் செருகினால் விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் போய், டாக் வழியாக 40ஐத் தாண்டவில்லை என்றால் டாக்கின் யுஎஸ்பி வேகம் 2.0க்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் நான்கு தடமும் படத்துக்கு. அந்த நிலையில் டாக்கின் நெட்வொர்க் போர்ட்டும் 480 மெகாபிட்டுக்குள்தான் அடங்கும், கிகாபிட் என்று எழுதியிருந்தாலும்.

யுஎஸ்பி-சி உள்ளீடு கொண்ட சில மானிட்டரில் இதை நாமே மாற்றலாம். டெல் மானிட்டர் மெனுவில் யுஎஸ்பி-சி பிரையாரிடைசேஷன் என்று இருக்கும். ஹை ரெசல்யூஷன் என்றால் நான்கு தடமும் படத்துக்கு, ஹை டேட்டா ஸ்பீடு என்றால் பாதிப் பாதி.

மடிக்கணினி மகள் | 17 பிப்ரவரி 2025, காலை 8.10

மேக்புக் ஏர் எம்2. இரண்டு எச்டிஎம்ஐ உள்ள டாக். இரண்டு மானிட்டரிலும் ஒரே படம். எக்ஸ்டெண்ட் ஆகவே இல்லை. மேக்கில் செட்டிங் எங்கே?

முனையம் | 17 பிப்ரவரி 2025, காலை 9.30

செட்டிங் எங்கேயும் இல்லை. இங்கே இரண்டு தடை, இரண்டும் தனித்தனி.

முதல் தடை மேக்ஓஎஸ். ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓடையைப் பிரித்துப் பல மானிட்டருக்குக் கொடுக்கும் முறைக்கு எம்எஸ்டி என்று பெயர். சாதாரண யுஎஸ்பி-சி டாக்குகள் பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கின்றன. விண்டோஸும் லினக்ஸும் அதை ஏற்கும். மேக்ஓஎஸ் தனித்தனித் திரைகளாக ஏற்காது, ஒரே படத்தை இரண்டிலும் காட்டும். நீங்கள் பார்ப்பது அதுதான். எம்2 ப்ரோ லேப்டாப்பிலும் இந்த டாக்கில் இதே கதிதான்.

இரண்டாவது தடை சிப். சாதாரண எம்1, எம்2 சிப் லேப்டாப்கள் வெளியே ஒரு திரைதான் தாங்கும். தண்டர்போல்ட் டாக் வாங்கினாலும் அது மாறாது. எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் வெளியே இரண்டு. ப்ரோ சிப் உள்ள மேக்புக்கில் இரண்டு, மேக்ஸ் சிப்பில் நான்கு. ப்ரோ சிப் வைத்திருப்பவர்கள் இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டிலும் ஆளுக்கொரு மானிட்டர் போடலாம், அல்லது உள்ளே இரண்டு ஓடை தரும் தண்டர்போல்ட் டாக் போடலாம்.

உங்களுக்கு மிஞ்சுவது டிஸ்ப்ளேலிங்க்.

மடிக்கணினி மகள் | 17 பிப்ரவரி 2025, காலை 9.50

டிஸ்ப்ளேலிங்க் என்றால் அதுவும் ஒரு டாக்தானா? நன்றாக இருக்குமா?

முனையம் | 17 பிப்ரவரி 2025, காலை 10.40

டாக்குக்குள் இருக்கும் சிப். வேலை செய்யும் முறையே வேறு. லேப்டாப்பில் ஓடும் டிரைவர் திரையைப் படம்பிடித்து, சுருக்கி, சாதாரண யுஎஸ்பி டேட்டாவாக அனுப்பும். டாக்கிலுள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். கிராபிக்ஸ் சிப்பின் திரை எண்ணிக்கை இதற்குத் தடையில்லை, யுஎஸ்பி-சியில் படம் வராத லேப்டாப்பிலும் ஓடும். டிஎல்-6950 சிப் உள்ள டாக் இரண்டு 4கே 60 தரும்.

இந்த வசதிக்கு விலை உண்டு. சுருக்கும் வேலையை லேப்டாப்தான் செய்கிறது, அதனால் சிபியு கொஞ்சம் போகும். எக்செல், கோடிங், மெயில் என்றால் தெரியாது. வேகமான கேம், வீடியோ எடிட்டிங் என்றால் தெரியும், அதற்கு நான் சொல்ல மாட்டேன். மேக்கில் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் நிறுவி, பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். திரையை யாரோ பதிவு செய்வதாக மேலே ஒரு குறி வரும், பயப்பட வேண்டாம், அதுதான் அது வேலை செய்யும் முறை. அதே காரணத்தால் நகலெடுக்க முடியாதபடி பூட்டுப்போட்ட வீடியோ தளங்களின் படம் கறுப்பாகும். ஒலி மட்டும் கேட்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் டிரைவர் போட அனுமதி இருக்கிறதா என்று ஐடி ஆட்களிடம் முதலில் கேட்டுவிட்டு டாக் வாங்குங்கள்.

ஒரு மானிட்டரை நேராகவும், இன்னொன்றை மட்டும் டிஸ்ப்ளேலிங்கிலும் போடுவது இன்னும் நல்லது. கண் அதிகம் நிற்கும் திரை நேராக இருக்கட்டும்.

பென்குயின் | 17 பிப்ரவரி 2025, இரவு 7.30

லினக்ஸ்காரர்களுக்கு: டிஸ்ப்ளேலிங்குக்கு ஈவிடிஐ என்ற கெர்னல் மாட்யூல் (லினக்ஸின் மையத்தோடு சேரும் துண்டு) வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் மறுபடி கட்டப்படும். கட்டத் தவறினால் அப்டேட்டுக்கு மறுநாள் திரை இல்லை. செக்யூர் பூட் (கையொப்பமில்லாததைத் தொடக்கத்தில் தடுக்கும் காவல்) போட்டிருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பம் வேண்டும். நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்டு, ரீபூட்டில் நீலத்திரை மெனு வரும். அதில் என்ரோல் எம்ஓகே தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் கன்டினியூ பூட்டைத் தட்டிவிட்டு டாக்கைத் திட்டுபவர்கள் அதிகம்.

எம்எஸ்டி டாக்குக்கு எதுவும் நிறுவ வேண்டாம். தண்டர்போல்ட் டாக் என்றால் போல்ட் என்ற நிரலில் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். டெர்மினலில் போல்ட்சிடிஎல் லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள், ஆதரைஸ்டு என்று இல்லாவிட்டால் என்ரோல் செய்யுங்கள்.

கீபோர்டுவாசி | 26 பிப்ரவரி 2025, மாலை 5.05

தண்டர்போல்ட் டாக்கை ரெட்டைத்திரையின் லேப்டாப்பில் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?

முனையம் | 26 பிப்ரவரி 2025, மாலை 6.00

வந்திருக்கும். மின்னல் குறி இல்லாத போர்ட் அது. பழைய தண்டர்போல்ட் 3 டாக்குகள் பல சாதாரண யுஎஸ்பி-சியில் அசையவே அசையாது. 2018க்குப் பிறகு வந்த டைட்டன் ரிட்ஜ் சிப் உள்ளவையும், தண்டர்போல்ட் 4 டாக்குகளும் யுஎஸ்பி-சியாகத் தாழ்ந்து ஓடும். ஓடினாலும் அதே 8.64தான். லேப்டாப்பிலும் தண்டர்போல்ட் இருந்தால்தான் 40 ஜிகாபிட்டின் பலன். தண்டர்போல்ட் 4 என்ற பெயர் போட வேண்டுமென்றால் இரண்டு 4கே 60 தாங்கியே ஆக வேண்டும் என்பது விதி. அதனால் புது லேப்டாப் வாங்குபவர்களுக்கு அந்த எண் ஒரு உத்தரவாதம்.

ரெட்டைத்திரை | 4 மார்ச் 2025, காலை 9.15

புதுத் தலைவலி. சாப்பிட்டுட்டு வந்து மவுஸை அசைச்சா டாக்கில் இருக்கிற மானிட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது. யுஎஸ்பி-சியைப் பிடுங்கிச் செருகினா வருது. ஜன்னலெல்லாம் லேப்டாப் திரையில் குவிஞ்சு கிடக்கு.

முனையம் | 4 மார்ச் 2025, காலை 10.20

எளிதில் முடிவதிலிருந்து வருகிறேன்.

மானிட்டர் மெனுவில் ஆட்டோ இன்புட் தேடலை நிறுத்தி, டிஸ்ப்ளேபோர்ட் என்று நிலைப்படுத்துங்கள். டீப் ஸ்லீப் அல்லது பவர் சேவிங் இருந்தால் அணையுங்கள். ஆழ்ந்த உறக்கத்தில் மானிட்டர் தன் இருப்பையே டாக்குக்குச் சொல்லாது, டாக் அதைப் பிடுங்கிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். குவிந்த ஜன்னலுக்கு: டிஸ்ப்ளே செட்டிங்கில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் விரித்து, ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ் என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்யுங்கள்.

பிறகு டாக்கின் ஃபர்ம்வேர் (அதன் உள்ளே ஓடும் மென்பொருள்). தயாரிப்பாளர் தளத்தில் மாடல் எண் போட்டுத் தேடுங்கள். அப்டேட் ஓடும்போது கேபிளைத் தொடாதீர்கள், முடிந்ததும் டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்வதால் டாக் ரீஸ்டார்ட் ஆகாது, அதற்குள் தனியாக ஒரு சிறு கணினி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கும் மசியாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் சந்தேகியுங்கள். அதன் 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரம். சாதாரண மானிட்டர் கேபிளில் அந்தப் பின் இரு முனைக்கும் இணைக்கப்படக் கூடாது என்பது விதி. மலிவான கேபிளில் இணைத்துவிடுகிறார்கள், மானிட்டரின் மின்சாரம் பின்வாசல் வழியாக டாக்குக்குள் ஏறும். எழுந்திருக்காத மானிட்டர், அணைத்தும் மினுக்கும் விளக்கு எல்லாம் அதன் சேட்டை. வெசா (டிஸ்ப்ளேபோர்ட் தரத்தை வகுக்கும் அமைப்பு) சான்றிதழ் உள்ள கேபிள் வாங்குங்கள்.

உடனடி நிவாரணம்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை போகாது.

ரெட்டைத்திரை | 7 மார்ச் 2025, மாலை 4.40

கேபிள்தான். மாத்தினதும் நின்னுடுச்சு.

மடிக்கணினி மகள் | 20 மார்ச் 2025, காலை 8.30

இந்த மாதம் எம்4 ஏர் வந்திருக்கிறது. மூடி திறந்தே இருக்க வெளியே இரண்டு திரையாம். பழைய டாக் இதில் சரியாகிவிடுமா?

முனையம் | 20 மார்ச் 2025, காலை 9.00

சிப் தடை போனது, எம்எஸ்டி தடை அப்படியே இருக்கிறது. அந்த இரட்டை எச்டிஎம்ஐ டாக்கில் இன்னும் ஒரே படம்தான் வரும். ஏரின் இரண்டு போர்ட்டிலும் யுஎஸ்பி-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஆளுக்கொன்று போட்டால் டாக்கே வேண்டாம், சார்ஜ் காந்த முனையில் ஏறிவிடும்.

கரண்ட்கட் | 2 ஏப்ரல் 2025, இரவு 9.50

எங்கள் தெருவில் கரண்ட் அரை விநாடி போய் வந்தாலே திரை அணைந்து வருகிறது. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே, ஏன்?

பென்குயின் | 2 ஏப்ரல் 2025, இரவு 10.25

சார்ஜரை உள்ளே வாங்கி லேப்டாப்புக்குக் கடத்தும் சின்ன வகை ஹப் என்றால், சார்ஜர் போனதும் ஹப்பும் லேப்டாப்பும் யார் யாருக்கு மின்சாரம் தருவது என்று மறுபடி பேசி முடிக்க வேண்டும். அந்த இடைவெளியில் யுஎஸ்பியும் படமும் அறுந்து வரும். தனி அடாப்டர் உள்ள டாக் என்றால் கரண்ட் போனதும் மொத்தமாகவே அணையும். டாக், மானிட்டர், ரவுட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். மானிட்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுப் பயனில்லை.

வாட் கணக்கும் பாருங்கள். கடத்தும் வகை ஹப் 10 முதல் 15 வாட் வரை தனக்கு எடுத்துக்கொள்ளும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் இதில் பற்றாது. 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் 5 ஆம்பியர் தாங்கும், உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள் வேண்டும்.

கீபோர்டுவாசி | 3 ஏப்ரல் 2025, மதியம் 12.15

ஆபீஸில் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தால் அவர் மானிட்டர் இரண்டு விநாடி கறுப்பாகிறது. எல்லோரும் பேய் என்கிறார்கள்.

முனையம் | 3 ஏப்ரல் 2025, மதியம் 1.10

பேய் இல்லை, கேஸ் லிஃப்ட் நாற்காலி. உட்காரும்போதும் எழும்போதும் அதிலிருந்து ஒரு மின்காந்த அதிர்வு கிளம்பும், பாதுகாப்புப் பூச்சு சரியில்லாத வீடியோ கேபிள் அதைப் பிடித்துக்கொண்டு சிக்னலை இழக்கும். டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதை எழுதியிருக்கிறது. கேபிளைக் குட்டையாக, தடிப்பான கவசம் உள்ளதாக மாற்றுங்கள். கேபிளின் இரு முனையிலும் ஃபெர்ரைட் வளையம் (இரைச்சலை அடக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள். நாற்காலி காலடியில் சுருண்டு கிடக்கும் கேபிளை மேசைக்கு மேலே கொண்டுபோங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

வயர்லெஸ் மவுஸ் டாக்குக்குப் பக்கத்தில் திக்கித் திக்கி நகர்ந்தால் அதுவும் இதே இனம். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழும். மவுஸின் ரிசீவரை ஒரு யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிளில் போட்டு டாக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

ரெட்டைத்திரை | 11 ஏப்ரல் 2025, காலை 11.00

கடைசிக் கேள்வி. என் மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் அவுட் இருக்கு. ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்கு மாலை கோர்த்த மாதிரி போகலாமா?

முனையம் | 11 ஏப்ரல் 2025, காலை 11.25

விண்டோஸில் போகலாம். முதல் மானிட்டர் மெனுவில் எம்எஸ்டியை ஆன் செய்யுங்கள், கடைசி மானிட்டரில் ஆஃப். இரண்டிலும் ஆன் என்றால் சில மாடலில் கடைசித் திரை வராது. ஆனால் உங்கள் டாக் வழியாகக் கோர்த்தால் இரண்டும் அதே 8.64க்குள் திரும்பி வந்துவிடும். யுஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட் போகும் கேபிள் போட்டால் நான்கு தடமும் படத்துக்கு, 17.28 கிடைக்கும், இரண்டு 1440 தாராளம். அப்போது உங்களிடம் இருக்கும் ஒரே யுஎஸ்பி-சி போர்ட் அதில் போய்விடும், சார்ஜுக்குத் தனி பின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெட்டைத்திரை | 11 ஏப்ரல் 2025, காலை 11.40

இல்லை, சார்ஜும் அதுலதான். அப்போ எச்டிஎம்ஐ வழியே இருக்கட்டும்.